இடது முட்டிக்குப் போடாத ஊசி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. முப்பது வருடமாக உழவர்கரையில் பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் குந்தியே வேலை. குந்த முடியாமல் போனதும் வண்டிகள் எதிர்க் கடைக்குப் போக ஆரம்பித்தன. தினமும் நான் தைலம் தேய்ப்பேன். கை கொஞ்சம் அழுந்தினால் அதே காலால் என்னைத் தள்ளிவிடுவார்.

முட்டிக்குள் ஊசி போட்டால் சில மாதம் வலி தெரியாது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். அந்த ஊசி சுகரை ஏற்றிவிடும், அதனால் சுகர் இருந்தால் உடனே போட மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இவருக்குச் சுகர் உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார்.

"டாக்டர் கேட்டா நீ வாயத் தொறக்காத. உன் மூஞ்சியே திருடிட்டு வந்த மாதிரி இருக்கு" என்று கிளினிக் வாசலில் சொன்னார். டாக்டர் கேட்டார். இவர் இல்லை என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அதிகம் வலித்த வலது முட்டியில் ஊசி ஏறியது.

மறுநாளே தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் நானூற்று முப்பது. கூட இருந்தும் ஏன் சொல்லவில்லை என்று நர்ஸ் என்னைத்தான் திட்டினார்.

"சோறு துன்ன மட்டும்தான் இவளுக்கு வாயி, நர்சம்மா" என்றார் இவர், படுக்கையிலிருந்தே. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் வலது முட்டிக்கு ஊசி நன்றாகக் கேட்டது. நான்கு மாதம் குந்தி வேலை பார்த்தார். பிறகு இடது முட்டி மடங்காமல் நின்றது. பழைய டாக்டரிடம் போனால் குட்டு உடைந்துவிடும் என்று வேறு டாக்டரைப் பிடித்தார். கிளினிக் மாடியில் இருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, வியர்க்க வியர்க்க ஏறினார்.

பெயர் எழுதும்போதே சுகர் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படுக்க வைத்து, லுங்கியை ஏற்றி, முட்டியை மருந்து போட்டுத் துடைத்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் நான் பேசினேன்.

"இவருக்கு சுகர் இருக்கு சார். போன ஊசிக்கு நானூத்தி முப்பது ஏறி ஆஸ்பத்திரில கெடந்தாரு."

அவர் நல்லதுக்காகச் சொன்னேன் என்று பிறகு சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். சுகரைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

"சார், பாதியாவது போடுங்க சார். எறங்கக்கூட முடியாது சார்" என்று இவர் கெஞ்சினார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் இவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வேதனை. இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் எலும்பில் பதிந்தன.

"மெதுவாப் போ" என்றார்.

நான் எப்போதும் இறங்குகிற வேகத்திலேயே இறங்கினேன்.