கடப்பாரை இருந்தும் நின்றோம்

வெயில் காலத்தில் காட்டில் தீப்பிடிக்கக் கூடாதென்று எங்கள் ஊர்ப் பாதையைப் பூட்டிவைப்பார்கள். பிடித்துவிட்டால் நாங்கள் எப்படி வெளியே போவது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பேரணாம்பட்டுப் பக்கம், காட்டுக்குள் சின்ன ஊர் எங்களுடையது. கீழே இறங்க ஒரே மண்பாதை. பாதை தார் ரோட்டில் சேருகிற இடத்தில் இரும்புக் கேட்டு. அதைப் போடச் சொல்லி மனு கொடுத்ததும் நாங்கள்தான், அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். தோல் கழிவை லாரி லாரியாகக் கொண்டுவந்து காட்டோரம் கொட்டினார்கள். நாற்றம் தாங்காமல் ஊரே கையெழுத்துப் போட்டது. கேட்டு வந்தது. மாசி பிறந்ததும் பூட்டும் வந்தது. சாவி பாரஸ்ட் ரேஞ்சு ஆபீசில். ஓரமாக ஒரு பைக் நுழைகிற சந்து விட்டிருந்தார்கள். ஷூ கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற பெண்கள் நாங்கள் அதில் நுழைந்து போய்க்கொண்டிருந்தோம். அதுவே போதும் என்று இருந்துவிட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், மலைச் சரிவு புகைந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நின்றது. அது என் அப்பாவுக்கு வந்தது. தோல் பதப்படுத்தும் டேனரியில் பல வருஷம் நின்று நெஞ்சு கெட்டவர். மேலே வீட்டில், புகையில் மூச்சுவிட முடியாமல் கிடந்தார். நடந்து ஏற முக்கால் மணி நேரம் ஆகும்.

"அவரைப் புகையில வெளிய தூக்கினு வராதீங்கக்கா. ஆக்சிஜன் வண்டியோட மாட்டி இருக்குது, கழட்டித் தூக்கினு போவ முடியாது. கேட்ட தொறந்தா பத்து நிமிஷத்துல போய்டுவேன்" என்றார் டிரைவர்.

ரேஞ்சு ஆபீசுக்குப் போன் போட்டேன். "சாவி வந்துனே இருக்குதும்மா. பூட்ட யாரும் தொடாதீங்க, கேஸ் ஆயிடும்."

தீயை மறிக்கப் பள்ளம் வெட்டிவிட்டு இறங்கிய சித்தப்பா கையில் கடப்பாரையோடு பக்கத்தில் நின்றார். "ஒடச்சிடு சித்தப்பா" என்றேன்.

"வாணாம்மா, கவர்மெண்டு பூட்டு. அதான் வர்றேன்னு சொல்றாங்கல்ல?"

எங்கள் ஊரில் பேயைவிட பாரஸ்ட் கேஸுக்குத்தான் பயம் ஜாஸ்தி. ஒரு கட்டு விறகுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர் என் சித்தப்பா. அவரை நான் திட்டமாட்டேன். கடப்பாரையைப் பிடுங்காமல் நின்ற என்னைத்தான் திட்டுகிறேன். இருபது பேர் ஒரு பூட்டைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றோம். வெட்கங்கெட்டவர்கள்!

சாவி வந்தது. ஆம்புலன்ஸ் மேலே போனபோது அப்பா இல்லை.

மறுநாள் அடக்கம் முடித்து ஆண்கள் வீடு திரும்பினார்கள். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே இறங்கினேன். இரண்டே அடி, பூட்டு கழன்று விழுந்தது. அவ்வளவுதான் அதன் பலம். அரை மணியில் பாரஸ்ட் ஜீப் வந்துவிட்டது, புதுப் பூட்டோடு.

பிறகு தாலுகா ஆபீசில் கூட்டம் போட்டார்கள். ஆபத்துக்கு வெளியேறும் வழி என்று அறிவிக்க வேண்டுமானால், தீயணைப்பு வண்டி திரும்புகிற அகலம் பாதைக்கு இருக்க வேண்டுமாம். எங்கள் பாதைக்கு இல்லை. அகலப்படுத்தலாமே என்றால், காட்டு நிலம், கூடாதாம்.

"ரெக்கார்டுபடி உங்க ஊருக்கு ரோடே இல்லம்மா" என்றார் அதிகாரி.

"இல்லாத ரோட்டுக்கு இன்னாத்துக்கு சார் பூட்டு?" என்றேன்.

டீ வந்தது. என்னைக் குடிக்கச் சொன்னார்.

என்மேல் போட்ட கேஸ் போன மாதம் விசாரணைக்கு வந்தது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கூண்டில் நின்றேன். அரசாங்கப் பூட்டை உடைத்தது நீதானா என்று நீதிபதி கேட்டார். பார்த்துப் பேசச் சொல்லி வக்கீல் கண் காட்டினார்.

"ஆமாங்கய்யா, நான்தான். ஒரு நாள் லேட்டா ஒடச்சேன்" என்றேன்.