சீனி போட்டேன் என்று சொன்னேன்

எனக்கு இனிப்பு நீர் வியாதி கிடையாது. பதினோரு வருடம் சீனிக்குப் பதில் மாத்திரை போட்டுத் தேத்தண்ணி குடித்தவள் என்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இனிப்பு நீர் என் வீட்டுக்காரருக்கு. மாத்திரை இரண்டு பேருக்கும்.

அவர் லோரி ஓட்டினார். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் மில்லில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. வழியில் எந்த ஒட்டுக்கடையில் லோரியை நிறுத்தினாலும் கேட்காமலேயே அவருடைய தேத்தண்ணி மேசைக்கு வரும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டின் பால், அதற்கு மேல் இரண்டு கரண்டி சீனி. வீட்டிலும் அப்படித்தான் வேண்டும். இதில் கரண்டியை நட்டால் நிற்கும் என்று நான் சொல்வேன். "நிக்கட்டுமே, ஒனக்கென்ன" என்பார்.

பிறகு கால் பெருவிரலில் பட்ட ஒரு காயம் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இந்த மனிதர் இத்தனை நாள் எப்படி லோரி ஓட்டினார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார், என்னவோ நான்தான் சாவியைக் கொடுத்து அனுப்பியது போல. வருகிற வழியிலேயே மருந்துக்கடையில் இறங்கி அந்தச் சின்ன டப்பாவை வாங்கினேன். தலையில் அழுத்தினால் டிக்கென்று ஒரு மாத்திரை விழும். சோள மணியளவுகூட இருக்காது.

முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார். "இனிப்பு முன்னால வருது, கசப்பு பின்னாலயே ஓடி வருதுலா. இரும்ப நக்குன மாதிரி இருக்கு."

அவருக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்று ஊரே சொல்லும், கட்டிக்கொண்டவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ரசத்தில் ஒரு கல் உப்பு குறைந்தால் விருந்தாளி முன்னாலேயே சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் நான் அதற்காக அழுதேன். கொஞ்சம் பழகிய பிறகு அகப்பையைத் தூக்கி எறிந்தேன். எதற்கும் அவர் மாறவில்லை.

இரண்டாம் நாளும் அதே முகச் சுளிப்பு. "நீ மட்டும் சீனி போட்டுக் குடி, நான் இந்த எழவக் குடிக்கணும், அப்படித்தான?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் குவளையில் இருந்ததை அவர் கண் முன்னால் கழுவுதொட்டியில் கொட்டினேன். புதிதாகக் கலக்கி, டிக், டிக் என்று இரண்டு மாத்திரையைப் போட்டேன். "இனிமே எனக்கும் இதான். வாய மூடிக்கிட்டுக் குடிங்க." அன்றோடு எங்கள் வீட்டில் டின் பாலும் இல்லை, சீனியும் இல்லை.

மூன்று நான்கு மாதத்தில் அந்தக் கசப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. நாக்குக்குச் சூடு சொரணை இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. ஈப்போவில் நான் இஸ்திரி வேலை செய்கிற டோபிக் கடை நான்கு மணிக்கு விடும். பஸ் பிடித்து செமோரில் வீட்டுக்கு வந்து சேர ஐந்தாகும். அவரும் அந்த நேரத்துக்கு வந்திருப்பார். கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு குவளையோடு உட்காருவோம். பெரிதாக என்ன பேசிவிட்டோம்? எந்த வீட்டுக்காரன் புது கேட் போடுகிறான், எந்தச் சாலையில் குழி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்துக்காக நான் இப்போது எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

சிறுநீரகம் கெட்டு அவரை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்து வாரம் கிடந்தார். குடிக்கிற தண்ணீர்கூட அளந்துதான். வெளியிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது என்று வார்டு நர்ஸ், மிஸ்ஸி என்போம், கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காலையில் வருகிற தேத்தண்ணி கோசோங், சீனியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அதை இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைப்பார்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஒரே ஒரு தேத்தண்ணி. சீனி போட்டு. நெசமான சீனி. இனிமே கேக்க மாட்டேன்." இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான். மிஸ்ஸியிடம் போய் நின்றேன். அவள் அவருடைய கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன கப்பா இருந்தா கொடுங்க ஆன்ட்டி" என்றாள். அவள் ஏன் அப்படி உடனே இறங்கி வந்தாள் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

எனக்கு உறைக்காததற்குக் காரணம் இருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் ஒருவர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார். நான் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் சீனி ஏறிவிட்டால் அனுப்ப மாட்டார்களே. மறுநாள் பிளாஸ்கில் தேத்தண்ணி கலக்கினேன். கடையில் சீனிப் பொட்டலம் வாங்கி மேசையில் வைத்திருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு டப்பாவை எடுத்து டிக், டிக் என்று அழுத்தினேன்.

"சீனிதான போட்ட?" என்று கேட்டார்.

"ஆமா, சீனி போட்டேன்லா. குடிங்க."

பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். மெதுவாகக் குடித்தார். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார். மறுபடி குடித்தார். அடிவரை குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, இந்தா" என்று மூடியை என்னிடம் நீட்டினார். நான்காம் நாள் போய்விட்டார்.

சாவுக்கு வந்தவர்களெல்லாம் நான் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன் என்றார்கள். எனக்கு அந்த ஒரு மூடித் தேத்தண்ணிதான் நெஞ்சில் நின்றது. சாகப்போகிற மனுசனை ஏமாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் துக்க வீடு என்பதால் தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை, முதல் நாள் படையல் மட்டும் போட்டோம். போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பதுதானே படையல். எங்கள் தாமான் குடியிருப்பில் பீர் போத்தலும் சிகரெட்டும் வைக்கிற வீடுகள்கூட உண்டு. நான் சீனியும் டின் பாலும் வாங்கிவைத்து, பத்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு அடுப்பில் இறைச்சிப் பிரட்டல், வாசலில் ஆட்கள், தலைக்கு மேல் வேலை. படையல் முடிந்ததும் இலையில் வைத்ததை எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். தேத்தண்ணியில் நான் பாதி குடித்துவிட்டு மீதியை அவருடைய அக்காவிடம் கொடுத்தேன். சித்தியவானில் கட்டிக்கொடுத்தவர், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, மாத்திரையா? செத்தும் அவனுக்கு இனிப்பு நீர் போகலியா?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சீனிப் பொட்டலம் பிரிக்காமலும் டின் பால் திறக்காமலும் கிடந்தன. கை பழக்கத்தில் டப்பாவை அழுத்தியிருக்கிறது. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டாவது தடவையும் ஏமாற்றிவிட்டேனே என்று என் கையையே அடித்துக்கொண்டேன்.

ஆனால் அன்று ராத்திரி படுத்த பிறகு ஒரு ஆறுதலும் வந்தது. பாதி குவளை குடித்தேனே, எனக்குத் தெரியவில்லையே. சீனி என்று நினைத்துக் குடித்தேன், சீனியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் அவருக்கும் தெரிந்திருக்காது. ஒரே டப்பாவில் பழகிய நாக்குதானே இரண்டும். சீனி போட்ட தேத்தண்ணி குடித்த நினைப்பில்தான் அவர் போயிருக்கிறார். அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நாட்களை ஓட்டினேன். சாயங்காலம் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து மாத்திரைத் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பது போலவே இருக்கும்.

நாலைந்து மாதம் கழித்து ரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக்குக்குப் போனபோது, என்ன சாப்பிடுகிறேன், என்ன குடிக்கிறேன் என்று அங்கிருந்த மிஸ்ஸி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். மாத்திரையைச் சொன்னதும் பேனாவை நிறுத்தினாள். "ஒங்களுக்குத்தான் இனிப்பு நீர் இல்லையே ஆன்ட்டி. அப்புறம் எதுக்கு இது? சீனியும் வேணாம், மாத்திரையும் வேணாம். கோசோங் பழகுங்க, நாக்கு தன்னால சரியாயிடும்." எனக்கு எரிச்சலாக வந்தது. என் நாக்குக்கு என்ன கேடு என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்டது மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

ஒரு வாரம் யோசித்துவிட்டு டப்பாவைக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலையில் குப்பையைக் கிளறி எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். கடைசியில் பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

கோசோங் தேத்தண்ணி முதல் வாரம் குடிக்க முடியவில்லை. உப்புச் சப்பில்லாமல் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. டோபிக் கடையில் இஸ்திரி போடும்போது காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் காலரைக் கருக்கினேன். உடம்பு இனிப்பைக் கேட்டது என்று சொல்லலாம். ஆனால் நிஜமாக நான் ஏங்கியது அந்த ஐந்து மணிக்குத்தான். மாத்திரையை விட்டதும் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது. அவர் செத்தது போன வருடம், ஆனால் என் வாயை விட்டு அவர் போனது அந்த வாரம்தான்.

மூன்றாவது வாரம் அக்காவைப் பார்க்க சித்தியவானுக்குப் போனேன். அவருக்கும் இப்போது இனிப்பு நீர் வந்துவிட்டது. மீன் வாங்கி வைத்திருந்தார், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சு மும்முரத்தில் அவருடைய குவளையை என்னிடம் தள்ளிவிட்டார். நானும் பார்க்காமல் எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. இனிப்பு முன்னால் வந்தது, கசப்பு பின்னாலேயே ஓடி வந்தது. தொண்டைவரை இரும்பு. குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மாத்திரையா? ஐயோ, மாத்திக் கொடுத்துட்டேனா. நீதான் விட்டுட்டியே, இனிமே நாக்கு ஒடனே காட்டிக்கொடுத்துரும்" என்றார் அக்கா.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது. அவர் ஐந்து வாரம் அந்த வார்டில் கோசோங் குடித்துக் கிடந்தார். ஒரு கல் உப்பு குறைந்தாலே கண்டுபிடிக்கிற நாக்கு. முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாரே, அது அதற்குத்தான்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்கையும், பிரிக்காத சீனிப் பொட்டலத்தையும், அவர் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அக்கா குழம்பை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குன்னு அவனா சொன்னான்? அடிச்சாக்கூட அவன் வாயிலேருந்து பொய் வராதே, புள்ள" என்றார். என் தோளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். குழம்பு ஆறிப்போனது.

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் எனக்குக் கோபம். அவர்மேல்தான். உப்புக்கும் புளிக்கும் அத்தனை பேர் முன்னால் என்னைக் குறை சொன்ன மனுசன், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விழுங்கிவிட்டாரே. ஒரு வார்த்தை, "பொய்தான சொல்ற" என்று கேட்டிருந்தால் ஓடிப்போய் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் சீனி வாங்கிக் கொட்டியிருப்பேன். எனக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டு நாலு நாளில் போய்விட்டார்.

இந்த வருடப் படையலுக்கு வேறு எந்த வேலையும் தொடுவதற்கு முன்னால் தேத்தண்ணியைக் கலக்கினேன். டின் பால் இரண்டு விரல் உயரம், சீனி இரண்டு கரண்டி. கற்பூரம் காட்டி முடிந்ததும் அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் நிற்பது எங்கள் வழக்கம். எல்லோரும் போனார்கள். அக்கா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரும் போனார். நான் மட்டும் உள்ளேயே அவர் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.

"அன்னிக்குத் திட்டாம விட்டீங்களே, இப்ப திட்டுங்க" என்றேன்.