வளைவு கத்தாத சனிக்கிழமை

எங்கள் ஊர் ஓரத்து வளைவில் ரயில் கத்தினால் நான் வாணலியில் எண்ணெய் ஊற்றுவேன். கல்யாணமான புதிதில், அறுபதுகளின் நடுவில், என் சனிக்கிழமை சாயங்காலங்கள் அந்தக் கத்தலுக்காகவே காத்துக் கிடந்தன. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, நெல் வயல்களுக்கு நடுவில் இருந்தது என் புகுந்த வீடு. புழக்கடையில் நின்றால் வயல் தெரியும், வயலுக்கு அப்பால் தண்டவாளம். பட்டணத்திலிருந்து வரும் பாசஞ்சர் அந்த வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் கீச்சென்று நீளமாகக் கத்தும். பல் கூசும். மாமியார் காதைப் பொத்திக்கொள்வார். எனக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பாகிவிடும், ஏனென்றால் அந்த வண்டிக்குள் என் வீட்டுக்காரர் இருந்தார்.

அவருக்குப் பட்டணத்தில் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை. வந்து நிற்கும் வண்டிகளின் சக்கரத்தையும் அச்சையும் பிரேக்கையும் பார்த்து, ஓடத் தகுந்ததா இல்லையா என்று சொல்லும் கூட்டத்தில் ஒருவர். அங்கேயே நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். கல்யாணம் செய்து கொடுத்தபோது 'மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம்' என்று என் வீட்டில் பூரித்துப் போனார்கள். வாரத்துக்கு ஒன்றரை நாள் புருஷன் என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி வளைவைத் தாண்டி ஸ்டேஷனில் நின்று, அவர் இறங்கி, வரப்பு வழியாக நடந்து வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். முகம் கழுவுவேன், பூ வைத்துக்கொள்வேன், மசாலா தடவி வைத்த மடவை மீனை எண்ணெயில் போடுவேன். மீன் பழவேற்காட்டிலிருந்து கூடையில் வரும். அந்த மீன்காரம்மாவுக்கு என் சனிக்கிழமை அவசரம் தெரியும், விலையை ஏற்றித்தான் சொல்வாள். நானும் பேரம் பேசாமல் வாங்குவேன். அவர் படி ஏறும்போது மீன் தட்டில் சூடாக இருக்கும். "எப்டிமே கரெக்டா வைக்கிற?" என்று ஆச்சரியப்படுவார். நான் சொல்லவே இல்லை. வெகு நாளைக்கு அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "உங்க வண்டி வளைவுல கத்துமில்ல, அத்த வெச்சித்தான்."

அவர் கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"அது கத்துறது நல்லதில்லமே."

பிறகு தட்டை நகர்த்திவிட்டு எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டியிடம் பேச வேறு விஷயமே கிடைக்காது. "சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு உதடு கீது. அந்த உதடுதான் சக்கரத்தை எறங்காம புடிச்சிக்கினு கீது. வளைவுல வண்டி நேராப் போவப் பாக்கும், தண்டவாளம் திருப்பும். அப்போ வெளிப்பக்கத் தண்டவாளத்துல உதடு போய் ஒரசும். காஞ்சி கெடந்தா ஒரசி ஒரசி உதடு தேஞ்சி கத்தி மாதிரி ஆயிடும். அப்புறம் ஒரு நாளு அது தண்டவாளத்து மேலயே ஏறிப்பூடும். நீ மீனு வறுக்க வெச்சிக்கினு கீறியே, அந்தச் சத்தம் அதுதான்."

"ஏறினா?"

"ஏறினா இன்னா, அந்தப் பக்கம் எறங்கும்" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வளைவு கத்தியது, எண்ணெய் ஊற்றினேன்.

அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை, வழக்கத்தைவிட முன்னதாகவே கத்தல் கேட்டது. இன்றைக்கு வண்டி சீக்கிரம் வந்துவிட்டது என்று ஓடிப்போய் வாணலியை வைத்தேன். கத்தல் நிற்கவில்லை. நீண்டுகொண்டே போய், திடீரென்று தடதடவென்று வேறு மாதிரி ஆகி, பூமி அதிர்ந்தது. அடுப்பு மேடையில் இருந்த சொம்பு உருண்டு கீழே விழுந்தது. கொழுந்தன், அவருக்கு ஒரே தம்பி, வீட்டு நிலத்தையெல்லாம் பார்த்துக்கொண்டவன், களத்திலிருந்து கத்திக்கொண்டே தண்டவாளத்தைப் பார்த்து ஓடினான். நானும் ஓடினேன். வரப்பில் ஓடினேனா சேற்றில் ஓடினேனா என்று தெரியாது. அந்தப் பக்கம் இறங்கும் என்று அவர் மீனைக் கடித்துக்கொண்டு சொன்னது மட்டும் காதில் இருந்தது.

போய்ப் பார்த்தால் அது கூட்ஸ் வண்டி. மூன்று பெட்டிகள் சரிவில் சாய்ந்து, நிலக்கரி வயலெல்லாம் கொட்டிக் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். அவருடைய பாசஞ்சரை முந்தைய ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார்களாம். இருட்டுவதற்கு முன்னால் அவர் தண்டவாளத்தோடு நடந்து வந்தார். என்னைத் தேடி வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவரோ நேராகக் கவிழ்ந்த பெட்டியிடம் போனார். குனிந்து, வானத்தைப் பார்த்துக் கிடந்த சக்கரத்தின் உதட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பொண்டாட்டி பத்தடி தூரத்தில் தலைவிரி கோலமாக நிற்கிறாள், இவர் சக்கரத்தைத் தடவுகிறார். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. வந்து, கூடவே அழுகையும் வந்துவிடுகிறது.

அதற்கப்புறம் அதிகாரிகள் வந்து வளைவை அளந்தார்கள். வண்டியைப் பார்ப்பவர்கள் தண்டவாளம் சரியில்லை என்றார்கள். தண்டவாளத்தைப் பார்ப்பவர்கள் சக்கரம் சரியில்லை என்றார்கள். மாமியார் கல்யாண வீட்டில் சம்பந்திகள் சண்டை போல இருக்கிறது என்றார். கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கி வந்தார்கள். உதடு தேய்ந்த சக்கரங்களை ஷெட்டில் முன்னதாகவே கழற்றிவிடுவது, வளைவின் வெளித் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்துவது, அதன் உள்பக்கம் வழுக்குவதற்கு மசகு பூசுவது என்று முடிவாயிற்று. கேங்க்மேன்கள் கோலில் சாக்குத் துணியைச் சுற்றி, டின்னிலிருந்து கறுப்பு மசகைத் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டு போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். பொழுது சாய்ந்தது. வண்டி இன்றைக்கும் நின்றுவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அப்போது வாசலில் அவர் நின்றார். எனக்குத் தலையில் பூ இல்லை, முகத்தில் எண்ணெய் வழிந்தது, மீன் பச்சையாகக் கிடந்தது.

"கத்தலையே, கேட்டியா?" முகமெல்லாம் சந்தோஷம் அவருக்கு.

"கத்தாதத எப்படிக் கேக்கறது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு விறகைத் திணித்தேன். கண்ணில் நீர் வந்ததற்குப் புகை உதவியாக இருந்தது. டிரைவரை அந்த இடத்தில் ஊதச் சொல்லக்கூடாதா என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். "டிரைவரு இன்னா என் மச்சானா?" என்று சிரித்தார்.

இப்படியே சில மாதங்கள் போயின. அடுத்த அறுவடைக் காலம். ஒரு சனிக்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வளைவு கத்தியது. பழையபடி, பல் கூச. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். முகம் கழுவினேன், பூ வைத்தேன், மீனைப் போட்டேன். அவர் வந்தபோது எல்லாம் சூடாக இருந்தது. ஆனால் அவர் தட்டைப் பார்க்கவே இல்லை.

"கேட்டியாமே?"

"கேட்டேன்" என்றேன் சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் வளைவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தண்டவாளம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதாம். கேங்க்மேன்கள் பூசத்தான் பூசுகிறார்கள், மறுநாள் பார்த்தால் இல்லையாம். யார் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. "பெரிய பேஜாரா பூட்ச்சி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அதே வளைவு வழியாகத்தான் பட்டணம் போனார்.

அவர் போன பிறகு நான் முற்றத்தில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் நெல் ஏற்றப் போவதற்கு மாட்டு வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். வண்டி மை என்றால் வைக்கோலைக் கொளுத்திய கரியை விளக்கெண்ணெயில் குழைப்பது. அந்த வாசனை எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் கொட்டாங்கச்சியில் இருந்தது பளபளவென்று மின்னியது, என் வீட்டுக்காரர் சட்டையில் அடிக்கிற வாசனை அடித்தது. அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அந்த அறுவடைக்கு எங்கள் ஊர் மாட்டு வண்டிகள் ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. பாரம் ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போயின. அவற்றுக்குப் பதிலாக ரயில் கத்திக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வாயைத் திறக்கவில்லை. சாணி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. வாரம் முழுக்க ஊமையாகக் கிடக்கிற வீட்டில், அவர் வருகிறார் என்று எனக்கு மட்டும் வருகிற சேதி அது. ஆனால் கண்ணை மூடினால் வானத்தைப் பார்த்துக் கிடந்த அந்தச் சக்கரம் வந்தது. வாளியைக் கீழே வைத்தேன்.

"இத்த எங்கேந்து எடுத்தே?"

"சர்க்கார் மை அண்ணி. ஊருல அல்லாரும்தான் வழிச்சிக்கினு வராங்க. சும்மாத்தானே கெடக்குது அங்க?"

"சும்மா கெடக்கலப்பா. அது உங்க அண்ணனைப் புடிச்சிக்கினு கெடக்குது."

அவன் கொட்டாங்கச்சியைப் பார்த்தான். தண்டவாளத்திலிருந்து மை எடுப்பது அவர்கள் யாருக்கும் தப்பாகப் படவில்லை. அச்சுக்கு மை போடுவது வண்டிக்காரன் வேலை, ரயிலின் அச்சு ரயிலோடு இருக்கிறது, தண்டவாளத்தில் பூசி வைத்திருப்பது மிச்சம் மீதி என்று நினைத்துவிட்டார்கள். நான் விளக்கிச் சொன்னேன், உதடு, உரசல், எல்லாம். சோற்றை ஆறவிட்டு அவர் சொன்ன பாடம் அத்தனையும் எனக்கு வரிசையாக நினைவிருந்தது எனக்கே ஆச்சரியம்.

"சரி அண்ணி, நான் நிறுத்திக்கிறேன். மத்தவங்களுக்கு இன்னா பண்றது? அறுப்பு நேரத்துல மை குழைக்க யாருக்குக் கை ஓயுது?"

"நான் குழைக்கிறேன்" என்றேன்.

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே வைக்கோலை எடுத்துக் கொடுத்தார். புழக்கடையில் கொளுத்தி, கரியை இடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து ஒரு சட்டி நிறைய வைத்தேன். கொழுந்தன் அதை ஊர்க்கோடி வேப்ப மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். சட்டி காலியாகக் காலியாக நான் குழைத்துப் போட்டேன். வளைவுக்குப் போய் வழிப்பது நின்றது. ரயிலும் வாயை மூடிக்கொண்டது. அதை என் கையாலேயே மூடினேன்.

அவர் வந்தபோது என் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகர்ந்தார். அவர் கையும் கறுப்புதான், எந்தக் கெரசினுக்கும் போகாத கறுப்பு. "உனக்கு ஏம்மே இந்த வேலை?"

"ரயிலு கத்துனா எனக்குத் தலை நோவுது" என்றேன்.

அவர் என் கையை விடவே இல்லை. யாரிடம் எல்லாம் கேட்டாரோ, மைச் சட்டி விஷயம் எல்லாம் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவர் வந்து நிற்கும்போது ஒருநாளும் மீன் தயாராக இருக்காது. அவர் கால் கழுவிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்கு வந்து, என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவார். எண்ணெய் காயும்வரை, மீன் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் சிவக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார். பேச்செல்லாம் சக்கரம்தான். என்ன பேசினால் என்ன, பக்கத்தில் இருந்தார். கத்தலைக் கேட்டு ஓடிய நாட்களைவிட எனக்கு இப்போது ஏக்கமாக இருப்பது அந்த எண்ணெய் காயும் நேரத்துக்குத்தான்.

எழுபதுகளின் நடுவில், ஊருக்கு வடக்கே தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று நிலத்தை அளந்துகொண்டிருந்த சமயம், அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. எந்த ரயிலும் எந்த வளைவும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, சாயங்காலம், நான் யாரிடமும் சொல்லாமல் வளைவுக்குப் போனேன். வெளித் தண்டவாளத்தின் உள்பக்கம் மசகு ஈரமாக மின்னியது. அன்றைக்குக் காலையில்தான் பூசியிருப்பார்கள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் துடைத்துவிட்டால் போதும், இன்னும் சற்று நேரத்தில் வண்டி வரும், ஒரே ஒரு தடவை கத்தும். ஒரே ஒரு தடவை நான் வீட்டுக்கு ஓடி எண்ணெய் ஊற்றுவேன். குனிந்து ஒரு விரலை வைத்தேன். விரல் நுனியில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அவர் சட்டை வாசனை.

அந்த வண்டியில் யார் யாருடைய வீட்டுக்காரர்களோ வந்துகொண்டிருந்தார்கள். விரலில் இருந்ததை மறுபடி தண்டவாளத்திலேயே பூசினேன். எடுத்த இடத்தில், நன்றாக அழுத்தி.

பிறகு வரப்பில் தள்ளி நின்றேன். பாசஞ்சர் வந்தது, வளைவில் சாய்ந்து திரும்பியது, சத்தமே இல்லாமல் போனது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். வாணலியில் எண்ணெய் ஊற்றி, அது காயும்வரை பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.