காற்றுக்குப் போட்ட மார்க்

எங்கள் மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு ஜூனியர் ஹாக்கித் தொடர் நடக்கிறது. நான்கு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு வியாபாரி செலவு செய்கிறார். தொடருக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஆளெடுப்பு நடக்கும். சீட்டுக் குலுக்கி, யாருக்கு முதல் வாய்ப்பு என்று பார்த்துவிட்டு, நான்கு பேரும் மாற்றி மாற்றி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக்கொண்டே போவார்கள். அந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அதனால் அவர்கள் கையில் ஒரு பட்டியல் கொடுத்தாக வேண்டும். முதலிடம் யார், இரண்டாமிடம் யார் என்று நாற்பத்தெட்டு வரை. நாற்பத்தொன்பதாவது பிள்ளைக்கு மண்டபத்தில் நாற்காலி கிடையாது.

அந்தப் பட்டியலைப் போடுகிற மூன்று பேரில் நானும் ஒருத்தி. தேனி பஜாரில் எங்களுக்கு டைல்ஸ், குழாய் சாமான் கடை. கல்லூரியில் நான்கு வருடம் ஹாக்கி ஆடினேன் என்பதும், வாய் கொஞ்சம் நீளம் என்பதும் என் தகுதிகள். இன்னொருவர் ஓய்வுபெற்ற பி.டி. சார். மூன்றாமவர் தொடரின் செயலாளர், செல்போன் கடை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார், நான் சொல்வதை மட்டும் கேட்கமாட்டார்.

தேர்வு நாள் ஆடி மாதத்தில் வந்தது. எண்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தேனி, போடி, பெரியகுளம் பிள்ளைகள் ஏழு மணிக்கே வந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. முதலில் வந்தவர்கள் ஒரு வரிசை, பின்னால் வந்தவர்கள் ஒரு வரிசை. ஒவ்வோர் ஆட்டத்திலும் இந்த வரிசையிலிருந்து பதினொரு பேர், அந்த வரிசையிலிருந்து பதினொரு பேர். மேற்குக் கோல் பக்கம் வேப்ப மர நிழல் இருந்ததால் முதலில் வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்; அதுவே அவர்கள் பக்கமாகிவிட்டது. இருபது நிமிட ஆட்டம், இடைவேளை இல்லை, பக்கம் மாற்றுவது இல்லை. உச்சி வெயிலுக்குள் நான்கு ஆட்டத்தையும் முடித்தாக வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே கவலை.

பின்னால் வந்த வரிசையில் மார்க்கையன்கோட்டைப் பிள்ளை ஒன்று இருந்தது. அதன் அப்பா ஓடைப்பட்டித் தோட்டங்களிலிருந்து திராட்சைப் பெட்டி ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். பெயர் எழுதும் மேசையில் நான்தான் இருந்தேன். அவர் குனிந்து, பிள்ளைக்குக் கேட்காதபடி சொன்னார்:

“மேடம், எடுத்தாகன்னா ஆடட்டும். எடுக்கலைன்னா இத்தோட விட்டுரும். பன்னெண்டாவது முடிச்சிருச்சு. மில்லுல சொல்லி வச்சிருக்கேன், ஆளெடுப்புக்கு மறுநா திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்லிட்டாக.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரு மனிதன் கணக்காகப் பேசினால் என்ன சொல்வது? பிள்ளை மூன்று வருடமாக ஆடுகிறது, ஒருமுறைகூட யாரும் எடுக்கவில்லை. பார்க்கலாம் அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தேன். என் தாளில் அந்தப் பிள்ளைக்கு நேராக என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘பந்தை நன்றாக நிறுத்துகிறாள். மெதுவாக ஓடுகிறாள்.’ மூன்று பேர் மார்க்கையும் கூட்டியதில் அவளுக்கு ஐம்பத்து மூன்றாவது இடம். நாற்பத்தெட்டுப் பேர் பட்டியலில், பின்னால் வந்த கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் மொத்தம் எட்டே பேர். பி.டி. சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, இந்த வருடம் அந்தப் பக்கம் சரக்கு இல்லை என்றார். பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள் என்று காரணமும் சொன்னார். போன் விற்கிற செயலாளர் அதற்குத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

அடுத்த புதன்கிழமை, சின்னமனூரில் ஒரு பிளம்பருக்கு அவசரமாக ஃப்ளஷ் டேங்க் தேவைப்பட்டது. கடைப் பையன் லீவு. பெட்டியை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். வீரபாண்டி தாண்டியதும் காற்று நேர் எதிரே நின்றது. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் வண்டி முப்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பின்னால் இருக்கிற பெட்டி வேறு பாய்மரம் போலப் பிடித்து இழுக்கிறது. வண்டியைத் திட்டினேன், சர்வீஸ் செய்த மெக்கானிக்கைத் திட்டினேன், பிளம்பரையும் விடவில்லை.

கோட்டூர் அருகே எதிரே ஒரு ஆள் சைக்கிளில் வந்தார். சட்டை முன்பக்கம் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. பெடலில் கால் அசையவே இல்லை. உட்கார்ந்தபடியே, என் ஸ்கூட்டரைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். இந்த ஆளுக்கு ஓட்டத்துக்கு எத்தனை மார்க் போட்டிருப்பேன்? பத்துக்கு ஒன்பது போட்டிருப்பேன். எனக்கு? நான்கு.

தேர்வு நாளிலும் இதே மேல்காற்றுதான். மேற்குக் கோலிலிருந்து ஆடியவர்கள் அத்தனை பேரும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். எதிர்ப்பக்கம் நின்ற நாற்பத்து நான்கு பிள்ளைகளும் இருபது நிமிடமும் முகத்தில் காற்றும் கண்ணில் புழுதியுமாக ஓடினார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் அன்று மைதானத்தில் இருந்திருந்தால், காரிலிருந்து இறங்கியதுமே ‘இதென்ன இப்படிக் காற்று’ என்று கேட்டிருப்பான். நாங்கள் மூன்று பேரும் இந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கடை போர்டை இரண்டு கம்பிக்கு நான்கு கம்பியாகக் கட்டுவோம், காயப்போட்ட துணிக்கு இரண்டு கிளிப் மாட்டுவோம், ஆனால் காற்று அடிக்கிறது என்று ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதமும் அடிப்பதைப் போய் யார் கவனிப்பார்கள்?

அங்கிருந்தே செயலாளருக்குப் போன் போட்டேன். காற்று இரைச்சலில் நான் கத்துவது பாதிதான் கேட்டிருக்கும். மீதியை அவரே புரிந்துகொண்டார். பட்டியலை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாகிவிட்டது, இனிமேல் மாற்றினால் மானம் போய்விடும் என்றார். பிறகு, “அக்கா, மேகாத்து என்ன இன்னைக்கா புதுசா அடிக்குது?” என்றார். அந்தக் கேள்விதான் எங்கள் மொத்தத் தப்பும். அதை அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பி.டி. சாரையும் கூட்டிக்கொண்டு செல்போன் கடைக்குப் போனேன். தேர்வைப் படம் பிடித்திருந்த பெற்றோர்களிடமிருந்து நான்கு வீடியோ வாங்கி வைத்திருந்தேன். மூன்று பேரும் கல்லாப்பெட்டி மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தோம். விசில் சத்தம் கேட்கவில்லை, பிள்ளைகள் கத்துவது கேட்கவில்லை, ஹோவென்று ஒரே இரைச்சல். சார்ஜர் வாங்க வந்தவர் ஒருவர், உள்ளே மாவு மில் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தார். வீடியோவின் ஓரத்தில் நாங்கள் மூன்று பேரும் அமர்ந்திருப்பது தெரிந்தது. சாரின் குடை சட்டென்று மேல்பக்கமாக மடங்கியது. அவர் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மார்க் எழுதினார். இன்னொரு தரம் மடங்கியது. இன்னொரு தரம் நிமிர்த்தினார்.

செயலாளர் சிரிக்க ஆரம்பித்தார். சார் சிரிக்கவில்லை.

“ஏம்மா, குடை ரெண்டு தரம் திரும்பிருக்கு. நானும் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். அப்பவும் எனக்குத் தோணலை பாரு” என்றார். பிறகு செயலாளரைப் பார்த்து, சனிக்கிழமை அதே நேரம், அதே ஆட்கள், பக்கத்தை மட்டும் மாற்று என்றார்.

மாற்று என்று சொல்வது சுலபம். ஒன்றரை நாளில் எண்பத்தெட்டு வீடுகளுக்குப் போன் போட வேண்டியிருந்தது. தேனிப் பெற்றோர் சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஒருமுறை தேறிய பிள்ளை எதற்கு மறுபடி ஓட வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டார். தேறியிருந்தால் மறுபடியும் தேறும் என்றேன். நல்ல பதில்தான், ஆனால் குரலை இன்னும் கொஞ்சம் தணித்திருக்கலாம்.

மார்க்கையன்கோட்டை அப்பா மறுத்துவிட்டார். சனிக்கிழமை லோடு இருக்கிறது, ஒருதரம் பார்த்தாயிற்று, பிள்ளை அழுது முடித்து இப்போதுதான் சாப்பிடுகிறது, மறுபடி ஆசை காட்ட வேண்டாம் என்றார். உண்மையைத்தான் சொன்னேன்:

“தப்பு பிள்ளை மேல இல்லண்ணே, எங்க மேல. நான்தான் தப்பா எழுதிட்டேன். அதைத் திருத்த ஒரு இருவது நிமிசம் குடுங்க.”

பார்க்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பத்தரை மணி வரை அவர்கள் வரவில்லை. இரண்டு ஆட்டம் முடிந்துவிட்டது. நான் தாளைப் பார்ப்பதும் கேட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். மூன்றாவது ஆட்டத்துக்கு விசில் ஊதப்போகும்போது திராட்சைப் பெட்டிகளோடு ஒரு குட்டியானை மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது. பிள்ளை ஓடும்போதே ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு ஓடியது. அப்பா இறங்கவில்லை, வண்டியிலிருந்தே பார்த்தார்.

இந்த முறை மேற்குக் கோல் அவர்கள் பக்கம். முதல் இரண்டு நிமிடம் அவள் ஒன்றுமே செய்யவில்லை. மூன்றாவது நிமிடம் எதிரணியின் பந்து ஒன்றை நடுவில் தரையோடு மட்டையைப் படுக்கவைத்து நிறுத்தினாள். நிறுத்தியதும் ஓடினாள். ஐயோ, என்ன ஓட்டம் அது. ஒருத்தியைத் தாண்டினாள், இரண்டாவது பிள்ளை நெருங்கும் முன்பே வலது ஓரத்துக்குப் பந்தைத் தள்ளினாள், அது போய்ச் சேர்ந்த இடத்தில் அவளுடைய ஆள் சரியாக வந்து நின்றாள். கோல். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு கோல், இரண்டுமே இவள் கொடுத்த பந்து. முந்தைய வாரம் காற்றை முதுகில் வைத்துக்கொண்டு பறந்த தேனிப் பிள்ளைகள் இன்று புழுதியில் கண்ணைக் கசக்கினார்கள். அவர்களும் நன்றாகத்தான் ஆடினார்கள். நான்கு பேர் எதிர்க்காற்றிலும் அசராமல் ஓடினார்கள். அவர்களுக்கு மார்க் கூடவே செய்தது.

பி.டி. சார் அன்று குடை கொண்டுவரவில்லை. வெயிலில் நின்றே எழுதினார். இரண்டு நாள் மார்க்கையும் கூட்டி வகுத்து, மூன்று தாளையும் ஒன்று சேர்த்தபோது மார்க்கையன்கோட்டைப் பிள்ளை முதல் இடத்தில் இருந்தது. இரண்டாம் இடத்துக்கும் அவளுக்கும் இடையே ஏழு மார்க் வித்தியாசம். நான் மறுபடியும் கூட்டினேன். அதே ஏழு. என் பழைய தாளை எடுத்து, ‘மெதுவாக ஓடுகிறாள்’ என்பதைக் கிழிகிற மாதிரி அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முதல் சீட்டு ஒரு நெல் வியாபாரிக்கு விழுந்தது. அவர் ஒரு கையில் பழைய பட்டியலையும் மறு கையில் புதிய பட்டியலையும் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். எல்லாரும் கேட்கும்படி என்னிடம் கேட்டார், ஐம்பத்து மூன்றாவது ஆளாக இருந்த பிள்ளை ஒரே வாரத்தில் எப்படி முதல் ஆள் ஆனது, யாருக்காவது வேண்டியவர்களா என்று. செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார்.

“மொதத் தடவை நாங்க காத்துக்கு மார்க் போட்டுட்டோங்க. ரெண்டாந்தடவைதான் பிள்ளைகளுக்குப் போட்டோம்” என்றேன். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சைக்கிள்காரரையும் சொன்னேன், குடையையும் சொன்னேன். சார் முன்வரிசையில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

நெல் வியாபாரி சிரித்துவிட்டார். களத்தில் நெல் தூற்றுகிறவன்கூடக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தானே நிற்பான், மூன்று பேரும் படித்தவர்கள் என்று பேர் என்றார். பழைய பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைக்கை வாங்கினார். அவர் சொன்ன முதல் பெயர் அவளுடையது.

அவள் எழுந்து மேடைக்கு நடந்தாள். கைதட்டலில் என்ன செய்வதென்று தெரியாமல் மட்டையைப் பிடித்த கையோடேயே நெல் வியாபாரிக்கு ஒரு கும்பிடு போட்டாள். நான் கடைசி வரிசைக்குப் போனேன். அவளுடைய அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். முகம் விழுந்திருந்தது.

“மொத ஆளாக் கூப்பிட்டுட்டாகளே மேடம். கழிச்சு விட்டுட்டாகளா?”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. திராட்சைத் தோட்டத்தில் பெட்டி போடும்போது முதலில் கையில் எடுப்பது அழுகலையும் சொத்தையையும்தான். நல்ல குலை கடைசி வரை அப்படியே இருக்கும். அவர் வருடக்கணக்காகப் பார்த்த வேலை அது.

“இல்லண்ணே. இங்கன நல்லதத்தான் மொதல்ல எடுப்பாக. இருக்கிற அத்தன பேர்லயும் உங்க பிள்ளதான் மொதல்.”

அவர் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். அங்கே நெல் வியாபாரி அவள் கையில் மஞ்சள் பனியனைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரைத் தேடி அழுத்தினார். வெளியே போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த பெயரை வாசிக்க ஆரம்பித்திருந்த மைக்கையும் மீறிக் கேட்கும்படி, அங்கேயே நின்று சொன்னார்:

“மில்லு சூப்பர்வைசருங்களா? நாளைக்கு என் பிள்ள வராதுங்க. அது ஆக்கி ஆடப் போகுது.”