எந்த யாவ்?

கானா நாட்டுக் குமாசி நகரில் தையல்கடை வைத்திருந்த அஃபியாவை இரண்டு பேர் பெண் கேட்டார்கள். இருவரும் வியாழக்கிழமை பிறந்தவர்கள். பிறந்த கிழமையே பெயராகும் ஊர் அது; ஆகவே இருவருக்கும் பெயர் யாவ். லாரிக்கார யாவ் வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். கொக்கோத் தோட்டக்கார யாவ் பேசமாட்டான். அவள் வீட்டில் ஃபுஃபுக் களிக்குக் கிழங்கு இடிக்க உலக்கையைப் பிடித்துக்கொள்வான்.

லாரிக்காரன் பரிசத்தோடு ஓர் ஆட்டையும் கூட்டினான். அப்போதும் இருவரில் ஒருவனைத் தேர்ந்தெடுக்க அவளால் முடியவில்லை.

“ரெண்டு பேரும் சமம்னா ஒரு ஆடு தராசுத் தட்டைச் சாய்ச்சிருக்கணுமேடி!” என்றாள் தோழி செர்வா.

“சமம்னு யாருடி சொன்னா? சிரிப்பையும் உலக்கையையும் எந்தத் தராசுல நிறுக்கிறது? சீட்டுப் போட்டுப் பாத்துடுவோம்!”

அவளே இரண்டு சீட்டு எழுதி, குலுக்கி, ஒன்றைப் பிரித்தாள். “யாவ்!” என்று கூவி ஆடினாள். கடையே சேர்ந்து ஆடியது. மூச்சு வாங்கிய பிறகுதான் செர்வா கேட்டாள்: “எந்த யாவ்டி?”

அஃபியா விழுந்து விழுந்து சிரித்தாள். “எவன்னு தெரியாமலே இவ்வளவு சந்தோஷமா ஆடிட்டேனே! முதல்ல வாசல் மிதிக்கிற யாவ்தான் மாப்பிள்ளை!”