உருட்டிக்கொண்டு வரவும்

அந்த மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் ஒத்தை உதை. எப்பேர்ப்பட்ட மோட்டார் சைக்கிளாக இருந்தாலும் கிக்கரில் ஒரே உதைதான், வண்டி உறுமிவிடும். உதைத்த கையோடு வண்டிக்காரரை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ராஜா தோற்றார்!

அவர் பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உருட்டிக்கொண்டு வரவும். ஓட்டி வரக் கூடாது.’ நியாயம்தானே? ஆறிக் கிடக்கும்போது மட்டும் முரண்டு பிடிக்கிற வண்டியை எப்படியோ கிளப்பி ஓட்டிக்கொண்டு வந்தால், அதன் கோளாறு எங்கிருந்து தெரியும்? அதனால் யார் வந்தாலும் முதலில் புறங்கையை இஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் வந்தவர் தொலைந்தார். “நல்லா இருக்கும்போது கொண்டாந்து காட்டினா நான் என்னத்தக் கண்டுபிடிக்க?” என்று பிடிபிடியென்று பிடித்துவிடுவார். பட்டறையின் முன்பக்கம் உதிரிபாகம் விற்கும் அவர் மனைவிக்கு இந்த வசவு மனப்பாடம்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்தாறாவது வயதில், ஒரு நாள் காலை, கிக்கர் பாதிதான் இறங்கியது. தப்பு வண்டியில் இல்லை, காலில். இரண்டாவது உதையும் அப்படியே நொண்டியது. ஆனால் ஐந்தாவது உதையில் பழைய பலம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. மனிதருக்குப் பயம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. வேலை செய்தால் களைப்பு வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இதென்ன கூத்து, உதைக்க உதைக்கக் கால் தேறுகிறது?

முப்பது வருஷமாக இஞ்சினைக் குடைந்த கை சும்மா இருக்குமா? தன்னையே குடைய ஆரம்பித்தார். குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தொடையை இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணிவிட்டு எழுந்தால் முடிந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் கால் கலகலப்பாக இருந்தது, அதிக தூரம் நடந்தால் மறுபடி துவண்டது. வாய் வேறு எந்நேரமும் வறண்டு கிடந்தது. அதை மட்டும் சிகரெட் கணக்கில் தள்ளினார். அந்தப் பழக்கத்துக்கும் முப்பது வயது.

இதைப் பற்றியெல்லாம் வீட்டில் மூச்சு விடவில்லை. ஒத்தை உதைக்கு உதைக்க முடியவில்லை என்று தெரிந்தால் எந்த வண்டி அவர் வாசலுக்கு வரும்? காலையில் மனைவிக்கு முன்னால் விழித்து, போர்வைக்குள்ளேயே தொடையை இறுக்கிப் பத்து எண்ணி, ஒன்றுமே நடக்காதது போல எழுந்து போவார்.

ஆனால் மனைவி என்ன கண்ணை மூடிக்கொண்டா குடித்தனம் நடத்துகிறாள்? தண்ணீர்க் குடம் ஒரே நாளில் மூன்று முறை காலியாவதையும், அவர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதையும் பார்த்து, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், முட்டியில் தட்டினார். கால் துள்ளியது. வயசாகிறது, மூட்டுத் தேய்மானம் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அடுத்த மாதமும் அதே கதை. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார் மனுஷர்.

மூன்றாம் மாதம் கட்டிலிலிருந்து எழும்போது தடுமாறி விழுந்தார். நரம்பு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். மனைவி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோதுதான் அதைப் பார்த்தாள். நடைவழிச் சுவரில் முதுகைச் சாய்த்து, தொடையை இறுக்கிக்கொண்டு, உதடு அசைய அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

அவர் விழித்தார். “டாக்டர் முன்னால தள்ளாடினா அசிங்கமா இருக்காதா? அதான் கொஞ்சம்...”

“போன ரெண்டு தடவையும் இப்படித்தானா?”

அவர் தலையாட்டினார். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“ஊருக்கெல்லாம் பலகை எழுதி மாட்டினீங்களே, உங்களுக்கு யார் எழுதி மாட்டறது?”

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தொடை மேல் தன் கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் அசையவிடவில்லை. டாக்டரம்மாவின் அறைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் உருட்டிக்கொண்டுதான் போனாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுத்தியால் முட்டியில் தட்டினார். கால் செத்ததுபோல் தொங்கியது. தொடையை இறுக்கிப் பத்து எண்ணச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினார். கால் எகிறியது. மெக்கானிக் வாயைப் பிளந்தார். இன்னொரு தரம் தட்டிக் காட்டச் சொன்னார்.

டாக்டரம்மா தட்டவில்லை. சிகரெட் உண்டா, எத்தனை வருஷமாக என்று கேட்டார். பிறகு மெதுவாக விளக்கினார். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேரும் இடத்தில்தான் கோளாறு. திரும்பத் திரும்பச் சொன்னால் கொஞ்ச நேரம் போய்ச் சேருகிறது.

“அந்த இடத்தை யார் கெடுக்கறது?” என்று ஆர்வமாகக் கேட்டார் இவர்.

“உங்க உடம்புதான். சில சமயம் நுரையீரல்ல ஒரு கெட்ட கட்டி வந்திருக்கும். அதை அழிக்க உடம்பு கிளம்பும். அப்ப ஆள் தெரியாம இந்த இடத்தையும் சேர்த்து அடிச்சிடும். உங்களுக்கு அப்படியான்னு பார்க்கணும்.”

நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் இருந்தது, நெல்லிக்காய் அளவுக்கு. புற்றுநோய்தான். இருமல்கூட வராத கட்டியைக் கால் காட்டிக் கொடுத்திருந்தது. இன்னும் வேறெங்கும் பரவவில்லை, உடனே மருந்து ஏற்ற ஆரம்பிக்கலாம், காலுக்குத் தனி மாத்திரை உண்டு என்றார் டாக்டரம்மா. எத்தனை நாள் தாங்குவார் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

“முதல் மாசமே தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டார் அவர்.

“இன்னும் சின்னதா இருந்திருக்கும்.”

வீடு வரும்வரை அவள் அதைக் குத்திக் காட்டவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் அவருக்குத்தான் முதலில் விழிப்பு வந்தது. போர்வைக்குள் தொடையை இறுக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். மூன்றில் நிறுத்திவிட்டார். காலைத் தளரவிட்டு, பக்கத்தில் தூங்குகிறவளைத் தொட்டு எழுப்பினார்.

“எனக்கு எழுந்திருக்க முடியல. கொஞ்சம் தூக்கி விடறியா?”

அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து வந்து, புறங்கையை அவர் தொடை மேல் வைத்துப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.