தாளாளரின் ஜரிகை முந்தானை

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியின் மாறுவேடப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தாளாளர் அம்மா வாசலுக்கே வந்து வரவேற்றார். அரக்கு நிறப் பட்டுப்புடவை, விரலுக்கொரு மோதிரம். “நம்ம ஸ்கூல்ல எல்லாரும் ஒண்ணுதான் சார்” என்பார். சொல்லும்போதெல்லாம் முந்தானை ஜரிகையை ஒருமுறை தடவிக்கொள்வார். அன்று அந்த ஜரிகைக்கு ஓய்வே இல்லை.

மேடைக்கு டாக்டர் வீட்டுப் பையன் வெள்ளைக் கோட்டில் வந்தான். பட்டுக்கடை முதலாளியின் மகள் கலெக்டராக வந்தாள். இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த நெசவாளியின் மகள் ராட்டையோடு நெசவாளியாகவே வந்தாள்.

“யாருக்கு என்ன வேஷம்னு யாரும்மா முடிவு பண்ணது?” என்று கேட்டேன்.

“நான்தான் சார். அவங்கவங்களுக்கு எது இயல்பா வருமோ அதைக் குடுத்தேன். டைவர்சிட்டின்னா அதானே?”

சொல்லிக்கொண்டே முந்தானையைத் தடவினார். மோதிரத்தில் மாட்டி ஓர் இழை பிரிந்து வந்துவிட்டது. பதறிப்போய், மேடையிலிருந்து இறங்கிய நெசவாளியின் மகளைக் கூப்பிட்டார்.

“இதைக் கொஞ்சம் சரிபண்ணும்மா. உனக்குத் தெரியும்ல?”

“தெரியாது மேடம். எங்கப்பா தறிகிட்டயே விடமாட்டாரு. போய் படிச்சிக்கினு இருன்னு தொரத்துவாரு.”

தாளாளர் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா சார்? பெத்தவங்க தொழிலே தெரியாம வளக்கறாங்க!”

அவர் நடிக்கவில்லை, மனதார வருத்தப்பட்டார். வெள்ளைக் கோட்டுப் பையனைக் கூப்பிட்டு ஓர் ஊசி போடச் சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.